ஏழாம் நம்பர் மலையில் மனவளர்ச்சி

உலகில் தங்கள் மனத்தை வளர்த்துக்கொண்ட மகான்கள் பலர். ஆனால், தொழிலாளரின் மனத்தையும் சேர்த்து வளர்த்துவிட்ட பெருமை எங்கள் தோட்ட நிர்வாகத்துக்கே உரியது. நலன்புரி உத்தியோகத்தன் என்ற முறையில் இவ்வரலாற்றைச் சொல்வது என் கடமை. வட்டவளைக்குச் சற்று மேலே என்பதைத் தவிர தோட்டத்தின் அடையாளம் எதையும் சொல்ல மாட்டேன். எங்கள் துரை புகழை விரும்பாதவர்.

எல்லாவற்றுக்கும் காரணம் பவுலின். ஏழாம் நம்பர் மலையில், டர்பன்டைன் மரத்தில், பானை அளவில் ஒரு குளவிக்கூடு தொங்குகிறது. போன மாதம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பவுலினை அந்தக் குளவிகள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டன. இன்னொரு முறை கொட்டினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் நேராக, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு வந்து துரையின் முன்னால் நின்றாள்.

“கூட்ட எடுங்க தொரை. எடுத்தாத்தான் அந்த மலைக்கு ஏறுவேன்.”

துரை ஆழ்ந்து யோசித்தார். கூட்டை அகற்ற ஆள் வேண்டும், ஏணி வேண்டும், மேலிடத்து அனுமதி வேண்டும். பயத்தை அகற்ற ஒரு பயிற்சியாளர் போதும். ஆகவே பிரச்சினை மரத்தில் இல்லை, பவுலினின் ‘எதிர்மறைச் சிந்தனையில்’ இருக்கிறது என்று கண்டுபிடித்தார். நானும் உடனே அதையே கண்டுபிடித்தேன்.

கொழும்பிலிருந்து ‘மனவளச் செம்மல்’ லியனார்ட் வந்து இறங்கினார். வெள்ளைச் சப்பாத்து, கன்னத்தோரம் மைக், தோளில் ஒலிபெருக்கி. பயத்தை அதன் வீட்டிலேயே சந்திக்க வேண்டும் என்று அந்த மரத்தடியிலேயே வகுப்பை வைத்தார். வராதவர்களுக்கு அன்றைய பெயர் கிடையாது, அதாவது நாள் சம்பளம் கிடையாது என்று நான் அன்போடு அறிவித்தேன். பவுலினும் வந்தாள். வயிற்றுப்பாடு ஆயிற்றே.

“கண்களை மூடுங்கள். மனம் ஒரு தோட்டம். அதில் நீங்கள் என்ன வளர்க்கப் போகிறீர்கள்?”

“தேயிலதான் சார்,” என்றாள் பவுலினுக்குப் பக்கத்தில் நின்ற வினோதா. “வேற என்னத்த வளக்க விடுறாங்க?”

“நல்லது! இப்போது சொல்லுங்கள், குளவி எங்கே இருக்கிறது?”

“ஒங்க தலைக்கு மேல சார்.”

“இல்லை! உங்கள் மனதில்!”

“மனசுல இருக்கது கொட்டாதுங்க சார்,” என்றாள் பவுலின். “நா வீங்கிக் கெடந்தத நீங்க பாக்கல.”

லியனார்ட் கருணையோடு சிரித்து, ஒலியைக் கூட்டி, “நான் வெல்வேன்!” என்று முழங்கினார். மலை அதிர்ந்தது. மரமும்தான்.

குளவி கலைந்தால் கத்தக்கூடாது, ஓடக்கூடாது. இடுப்பில் கட்டிய தடித்த படங்கை அவிழ்த்து மூடிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் குப்புறக் கிடக்க வேண்டும். எங்கள் பெண்கள் மலைக்கு ஏறிய முதல் நாளே படிக்கும் பாடம் இது. கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் தரையில் கிடந்தார்கள்.

லியனார்ட் உருகிப்போய், ஓரமாக நின்ற துரையிடமும் என்னிடமும் திரும்பினார். “துரை, பாருங்கள்! இப்படியொரு ஆழ்ந்த தியானத்தை நான் எங்கும் கண்டதில்லை!”

துரை கைபேசியில் படம் எடுத்தார். நான் கைதட்டினேன்.

படங்குக்குள்ளிருந்து பவுலினின் குரல் மெல்லக் கேட்டது. “சார், படுங்க. வருது.”

“என்ன வருகிறது சகோதரி? ஒளியா?”

வந்தது அவர் காதில் இறங்கியது. அடுத்த நிமிடம் செம்மலும் துரையும் நானும் ஜீப்பில் இருந்தோம். யார் முதலில் ஏறியது என்பதை இங்கே ஆராய வேண்டியதில்லை. பெண்களில் ஒருவருக்கும் கொட்டு விழவில்லை, ஒருவரும் ஓடவுமில்லை. ‘பயிற்சி முழு வெற்றி’ என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

அன்று மாலையே துரையின் பங்களாக் கூரையோரத்தில் ஒரு சின்னக் கூடு கண்ணில் பட்டது. எலுமிச்சங்காய் அளவுதான். ஆள் கிடைத்தது, ஏணி கிடைத்தது, அனுமதி தொலைபேசியிலேயே கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் கூடு இல்லை.

மறுநாள் பெரட்டில் பவுலின் என்னைப் பிடித்துக்கொண்டாள். “எங்க கூடு மட்டும் அப்படியே இருக்கே சார்?”

“உங்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தாச்சே, பவுலின். தொரை பாவம், இன்னும் பயிற்சி எடுக்கல.”

“அப்ப பயிற்சிய தொரைக்குக் குடுங்க சார். ஏணிய எங்களுக்குக் குடுங்க.”

பார்த்தீர்களா? இத்தனை பாடுபட்டும் அவள் மனம் வளரவே இல்லை. ஆனாலும் நிர்வாகம் அவளைக் கைவிடவில்லை. நாளைக்கும் அவளுக்கு ஏழாம் நம்பர் மலைதான்.