கால் கட்டைவிரலைக் கட்டியது நான்தான்

உ

போனக்காடு,
சனிக்கிழமை.

மகா கனம் பொருந்திய மைத்துனர் திரவியம் அவர்கள் சமூகத்துக்கு, அத்தான் பிச்சைக்கனி போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஜெபமலர் எழுதிக்கொண்டது. அங்கே நீயும் வீட்டாரும் கிடேரிக் கன்றும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே மழை சௌக்கியம், அட்டை சௌக்கியம், என் தங்கை சுடலைமாடத்தி சௌக்கியம். நான் ஒரு கொலைகாரனாகிவிட்டேன் என்பதைத் தவிர இங்கே வேறு விசேஷம் இல்லை.

வாசித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிட்டு வலியசாலைக்குப் புறப்படு. எதற்கு என்று கீழே சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் ஞாபகம் தப்பாது என்பது உனக்குத் தெரியும். ஆகையால் ஒன்று விடாமல் வரும், பொறுமையாகக் கேள்.

திருவனந்தபுரத்தில் நாற்பத்து மூன்று வருஷமாக என் பிழைப்பு, வீடு வீடாகப் போய் உடம்பு உழிந்துவிடுகிற இந்த இரண்டு கைகள்தான். தெருப்பெயர் எனக்கு நிற்காது. மூன்றாம் வீடு இடது தோள், கோயிலை ஒட்டிய வீடு முழங்கால், மாடி வீடு பிடரி என்றுதான் கணக்கு. நடுவில் ஒரு வருஷம் கடற்கரைப் பக்கம் ஒரு மசாஜ் சென்டரில் வேலைக்கு வைத்தார்கள். கறுப்புச் சட்டை போட்டு, நெஞ்சில் தெரபிஸ்ட் என்று அட்டை குத்தினார்கள். அங்கே அருவி கொட்டுகிற மாதிரி ஒரு பாட்டு நாள் முழுக்க ஓடும். எழுபது தாண்டிய உடம்பு, அந்தச் சத்தத்துக்கு மணிக்கு நாலு தரம் வெளியே ஓட வேண்டியிருந்தது. அதற்காகவும் சர்டிபிகேட் இல்லாததற்காகவும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சர்டிபிகேட்டை நாளைக்குப் போலீஸ்காரனும் கேட்பான்.

முந்தாநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வலியசாலையில் சேஷன் சாமி வீட்டுக்குப் போனேன். ஆபீசில் கணக்கெழுதி ரிட்டயரானவர், பதினாறு வருஷமாக என் கையில் இருக்கிற இடுப்பு. அவர் வீட்டுக்கார அம்மா சூடாமணி மாமி கோயிலுக்குப் போயிருந்தாள். முன்னறையில் பாயை விரித்து, ஃபேன் காற்று முகத்தில் அடிக்க வேண்டும் என்று தெற்கே தலைவைத்துப் படுத்தார். தைலக் கிண்ணம் ஆறாமல் இருக்க, வழக்கம்போல் தலைமாட்டில் ஓர் அகல் விளக்கை ஏற்றி அதன்மேல் பிடித்துச் சூடாக்கினேன். இடுப்பையும் வலது காலையும் உழிந்து முடித்தேன். இடுப்பு உழிந்த பிறகு காலை அகட்டிப் போட்டால் மறுபடி கோணிக்கொள்ளும் என்பதால், இரண்டு கால் கட்டைவிரலையும் துணியால் சேர்த்துக் கட்டி அரைமணி நேரம் கிடக்க விடுவது என் முறை. அன்றைக்குத் தாடை வலி என்று வேறு சொன்னார், அதற்கு ஒரு வெந்நீர்த் துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். தைலம் இறங்காமல் இரண்டு காதிலும் பஞ்சு. ஜலதோஷத்துக்கு மருந்து விட்ட வலது மூக்கிலும் பஞ்சு. குளிராமல் இருக்கக் கழுத்து வரைக்கும் ஒரு வெள்ளை வேட்டி. எல்லாம் வைத்தியத்துக்குச் செய்ததுதான் திரவியம், ஒன்றையும் வேண்டுமென்று செய்யவில்லை.

இந்த வேலையோடு நிறுத்தியிருக்கலாம். காதில் பஞ்சு வைப்பதற்கு முன், கழுத்தைச் சொடுக்குகிற ஒரு பையனின் வீடியோவை அவர் போனில் காட்டினார். "ஓய் பிச்சைக்கனி, இதைப் பாரும். கழுத்தை ஒரு திருப்பு, டக்குனு ஒரு சத்தம், படுத்தவன் எழுந்து டான்ஸ் ஆடறான். நீர் பதினாறு வருஷமா தடவிண்டே இருக்கீர்."

கழுத்தில் விளையாடக் கூடாது சாமி என்று சொன்னேன்.

"பயமா இருந்தா சொல்லும். அந்தப் பையனையே வரவழைச்சுடறேன். மாசா மாசம் வருவானாம், அட்வான்ஸா புக் பண்ணினா போறுமாம்."

ஒரு வீடு போனால் தெருவே போகும். இடது தோள் அந்தப் பையனிடம் போகும், பின்னாலேயே முழங்காலும் பிடரியும் போகும். பிறகு நான் எதைத் தின்பது? சரியென்று தலையை இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பினேன். வந்த சத்தம் டக் இல்லை, படக். முற்றிய முருங்கைக்காயை ஒடிக்கிற படக். "சாமி, சரியா இருக்கா?" என்று கேட்டேன். "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அந்த "ம்" அவர் சொன்னதா நான் சொன்னதா என்பதுதான் இரண்டு நாளாக எனக்குத் தெரியவில்லை. எழுபத்தொன்பதில் உன் அக்காள் கழுத்தில் நான் போட்ட மாலையில் எத்தனை பூ வாடியிருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். இந்த ஒரு "ம்" மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. கண்ணை மூடிக் கிடந்தார். பஞ்சை வைத்து, துணிகளைக் கட்டிவிட்டு, இடது கால் பாக்கி இருக்கிறது, அரைமணி கழித்து வருவோம் என்று மூலைக் கடைக்குச் சாயா குடிக்கப் போனேன். படக் காதை விட்டுப் போகட்டும் என்று இன்னொரு சாயா குடித்தேன்.

திரும்பி வந்தால் சாமி வீட்டு வாசலில் தெருவே நிற்கிறது. உள்ளே சூடாமணி மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம். ஆட்டோக்காரன் ஒருத்தன் என்னைத் தடுத்தான். "அண்ணா, அங்கோட்டுப் போகண்டா. சாமி மரிச்சுப் போயி. காலு வரை கெட்டிக் கழிஞ்ஞு."

காலைக் கட்டிவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. காலைக் கட்டியாகிவிட்டது என்றால் மேற்கொண்டு என்ன இருக்கிறது? பையையும் தைலக் குப்பிகளையும் அந்த வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, இடுப்பில் ஈரிழைத் துண்டும் மடியில் போனும் சில்லறையுமாகக் கிழக்கேகோட்டை வரைக்கும் நடக்காமல் ஓடினேன். பழவங்காடிப் பிள்ளையார் வாசலில் நின்று, என்னைக் காப்பாற்று, நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு நெடுமங்காட்டு பஸ்ஸில் ஏறினேன். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் கட்டைவிரலைக் கட்டியது நானேதான் என்பது மண்டைக்கு ஏறிற்று. அடடா, தப்பித்தோம் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் படக் ஞாபகம் வந்தது. விரலைக் கட்டியது நான், விளக்கு வைத்தது நான், சரி. படக் எங்கே போகும்? தவிர, நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்த மாமிக்கு, ஆளுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதா? மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். என்னை மோந்து பார்த்துவிட்டு, "வைத்யர் ஆணோ?" என்றார், வைத்தியரா என்று. இல்லை என்று எப்படிச் சொல்வது, தைலம்தான் மணக்கிறதே. தோளைத் தொட்டுக் காட்டினார். பேரூர்க்கடையிலிருந்து அவர் தோளைப் பிடித்துவிட்டேன் திரவியம், என் கை நடுங்கிய நடுக்கத்தை அவர் புதுமுறை என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தலை என் பக்கம் சாய்ந்தது. ஒரே நாளில் இரண்டாவது ஆள், அதுவும் யூனிபாரத்தில். அவர் குறட்டை விட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இறங்கும்போது, "நல்ல கைப்புண்ணியம்" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சேஷன் சாமி குறட்டை விடவில்லையே என்று அப்போதுதான் தோன்றிற்று.

நெடுமங்காட்டிலும் விதுரையிலும் பஸ் மாறி, இங்கே தங்கை வீட்டில் வந்து விழுந்தேன். டவரை வைத்துப் பிடிப்பார்களாமே, அதனால் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். நேற்று ஒரு ஜீப் வந்தது. விறகுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அகஸ்தியர் மலை ஏற வந்த ஆட்கள், சாயா கேட்டிருக்கிறார்கள். விறகுக்குள் இருந்த அட்டை அத்தனையும் என் மேல். சுடலைமாடத்தி உப்பைத் தேய்த்துக்கொண்டே, "ஏ அண்ணே, கொலை பண்ணவன் அஞ்சாவது தோசைக்குச் சட்னி கேப்பானா? பேசாமப் போயி என்ன ஏதுன்னு பாரு" என்கிறாள். அவளுக்கென்ன, படக்கைக் கேட்டவன் நான்.

ஆகையால் நீ இது கிடைத்த அன்றைக்கே வலியசாலைக்குப் போக வேண்டும். வாடகைக்கு வீடு தேடுகிறவன் மாதிரி தெருவில் நட. கோயிலிலிருந்து ஏழாவது வீடு, பச்சைக் கதவு. வாசலில் கோலம் இருந்தால் ஆள் இருக்கிறார். கோலம் இல்லையென்றால் நிற்காதே, என் பெயரைச் சொல்லாதே, நேரே இங்கே வா. நான் சரணடைவதா, இந்த வயசில் ஜெயிலில் சம்மணம் போட முழங்கால் ஒத்துழைக்குமா என்பதை உன்னோடு பேச வேண்டும்.

போகிற காலத்தில் நெஞ்சில் எதையும் வைத்துக்கொண்டு போகக் கூடாது. எண்பத்தொன்றில் சுடலை கோயில் கொடைக்கு நீ நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடா, கொடைக்கு ஒன்பது நாளுக்கு முன் காணாமல் போயிற்றே, நரி கொண்டுபோயிற்று என்று சொன்னேனே, நரி இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டில் நீ மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய். "கறி பூ மாதிரி இருக்கு அத்தான்" என்றாய். பிறகு கிடாவை நினைத்து அழுதாய், உன் அக்காள் இன்னொரு கரண்டி போட்டாள். அடுத்தது, ஆசானிடம் பன்னிரண்டு வருஷம் தொழில் படித்தேன் என்று சொல்லி உன் அக்காளைக் கட்டினேன். படித்தது பதினோரு மாதம், அதிலும் எண்ணெய்தான் காய்ச்சினேன். அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று, கழுத்தைத் திருப்பாதே. கடைசியாக, இரண்டாயிரத்து நாலு தை மாதம் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், கீழப்புஞ்சை எல்லைக்கல்லை நான் நாலு முழம் உன் பக்கம் தள்ளி நட்டேன். அதனால் என் பக்கம் வந்துவிட்ட மாமரம் உன்னுடையது. எடுத்துக்கொள். என்னை மன்னித்துவிடு.

உன் பிள்ளைகள் பதினாறும் பெற்று, கழுத்து வலி என்றால் என்னவென்று தெரியாமல் வாழ வேண்டும். மழை பெய்யட்டும், மாடு கறக்கட்டும், எனக்காக ஒரு வேளை விளக்குப் போடு. தலைமாட்டில் வேண்டாம்.

இப்படிக்கு,
நாளை எங்கே இருப்பேன் என்று தெரியாத அத்தான்,
பிச்சைக்கனி (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: உன் விலாசம் போனுக்கு வந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது, ரேஞ்ச் இருந்தால்தான் அது திறக்கும். அதைப் பார்த்து எழுத, ஜெபமலர் அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்து, மூடிக் கிடக்கிற ஃபேக்டரி வளைவில் ரேஞ்ச் கிடைக்கிற பாறைமேல் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். அவள் போனைப் போட்டதும் அது அலறிற்று. பெயரைப் பார்த்துவிட்டு, "வலியசாலை சேஷன் சாமி கூப்பிடுதாரு தாத்தா" என்றாள். நான் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்தவர் கூப்பிடுகிறார், அல்லது அவர் போனிலிருந்து போலீஸ். அவளே எடுத்து என் காதில் வைத்தாள்.

"ஓய், இடது கால் பாக்கியிருக்கு, எங்கே போய்த் தொலைஞ்சீர்?" என்று சாமியேதான் கேட்டார். கழுத்து பிரமாதமாக இருக்கிறதாம், அந்த வீடியோப் பையன் வேண்டாமாம். நடந்தது இதுதான்: மாமி கோயிலிலிருந்து வந்து, கட்டின விரலையும் விளக்கையும் வாசலிலிருந்தே பார்த்து அலறியிருக்கிறாள். தொட்டால் குளிக்க வேண்டுமென்று தெருவில் ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை. காதில் பஞ்சு இருந்ததால் சாமிக்கு ஒப்பாரி கேட்கவில்லை. சாஸ்திரிகள் வந்து திதி என்னவென்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, மூக்குப் பஞ்சு உறுத்தி சாமி ஒரு தும்மல் போட்டாராம். பயந்து விழுந்த சாஸ்திரிகளுக்குத்தான் இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, அவரையும் நானே பார்க்க வேண்டுமாம். மாமி போனை வாங்கி, "விரலைக் கட்டறதா இருந்தா எங்காத்துப் படி ஏறாதீர்" என்றாள். இனிக் கட்டாமல், காலுக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்துக்கொள்வேன்.

ஆகையால் நீ வலியசாலைக்குப் போகவேண்டாம், இங்கேயும் வரவேண்டாம். பிள்ளையாருக்குப் பதினெட்டுத் தேங்காய் போதும் என்று பேசி முடித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன், பிள்ளையார் சுழி போட்ட தாளைக் கிழிக்கக் கூடாது என்று தங்கை பிடுங்கிக்கொண்டாள். கிடா, கல் வருகிற இடங்களை மட்டும் அடித்துவிடு என்று கேட்டால், எழுதினது எழுதினதுதான் என்கிறாள் ஜெபமலர். எனக்கோ எது எந்த வரி என்று தெரியாது. நீ முதலில் இந்தப் பின்குறிப்பை வாசி. மேலே, "போகிற காலத்தில்" என்று ஆரம்பிக்கிற இடத்தை வாசிக்காமல் தாண்டிவிடு. சாமி பிழைத்துவிட்டார், இப்போது உன்னை நினைத்துத்தான் போனை மறுபடி அரிசிப் பானைக்குள் புதைக்கிறேன். தயவுசெய்து ஊரிலேயே இரு. கீழப்புஞ்சைப் பக்கம் மட்டும் போகாதே.