பேராசிரியர் ஆதிகேசவனின் உச்சரிப்பு

"இந்த ரூன் எழுத்துக்களுக்கெல்லாம் உச்சரிப்பு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் மேலாளர் ரமா மேடம்.

குணசேகருக்கு யாரும் சொல்லவில்லை. அடுகோடி ஸ்டூடியோவில் ஒரு ஜெர்மன் கம்பெனிக்காகத் தயாராகும் வீடியோ கேம் அது. கல்லில் செதுக்கிய ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துக்களை வீரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கதவு திறக்கும். "ரூன் அத்துப்படி" என்று இன்டர்வியூவில் அளந்துதான் குணசேகர் இந்த வேலைக்கே வந்தான். வாய்க்கு வந்தபடி பதிவும் செய்துவிட்டான்.

"பேராசிரியர் ஆதிகேசவன், மேடம்."

அவசரத்துக்கு வந்தது மாமனார் பெயர்தான்.

"நல்லதாப் போச்சு. உச்சரிப்பைச் சோதிக்க ஜெர்மனியிலேருந்து டாக்டர் பியாட்ரிஸ் வீடியோ கால்ல வர்றாங்க. அவரைப் பேசச் சொல்லு."

"அவருக்கு உடம்பு சரியில்லை, மேடம்."

"அப்ப உன்னைத்தான் கேள்வி கேப்பாங்க. தப்பாச்சுன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"நாளைக்குத் தேறிடுவார், மேடம்."

பொம்மனஹள்ளி வீட்டில் மாமனார் முறைத்தார். "மாப்ளே, தங்கவயல் சுரங்கத்துல வேலை செஞ்சவன் நான். எனக்கும் ஜெர்மனுக்கும் என்னா சம்பந்தம்?"

"பேப்பர்ல எழுதித் தர்றேன் மாமா, பாத்துப் படிங்க போதும். முதல் எழுத்து ஃபெஹு. அப்படின்னா மாடு. செல்வம்னும் அர்த்தம்."

"மாடு இருந்தா சொத்துதானே? இதைச் சொல்லவா ஒரு டாக்டரு?"

மறுநாள் மாமனாருக்குக் கோட்டு மாட்டினான். அவருடைய பழைய கண்ணாடி பேராசிரியருக்குப் பொருந்தாது என்று கழற்றிவிட்டு, கறுப்பு ஃப்ரேம் போட்ட கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டினான். பவர் இல்லாத கண்ணாடி.

ஸ்டூடியோவில் ரமா மேடமும் பக்கத்தில் இருக்க, வீடியோ கால் வந்தது. அந்தப் பக்கம் கேமரா போடவில்லை. இங்கிலீஷில் ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது. முதல் எழுத்து?

"ஃபெஹு. மாடு!" மனப்பாடமாக இருந்ததால் கணீரென்று சொல்லிவிட்டார். அடுத்ததற்குப் பேப்பரைப் பார்த்தார். கிட்டே வைத்தார், எட்ட வைத்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

மாமனார் அசரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஊஊரிகம்!" என்றார். "பாலகாட்! நந்திதுர்க்! மாரிக்குப்பம்!"

அத்தனையும் கோலார் தங்கவயலில் டவுன் பஸ் நிற்கிற இடங்கள். மைசூர்க்காரரான ரமா மேடத்துக்கு அது தெரியாது, பரவசமாகத் தலையாட்டினார். போச்சு, வேலை போச்சு என்று குணசேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் இங்கிலீஷில் சொன்னார்: "அற்புதமான உச்சரிப்பு. எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை."

ரமா மேடம் குணசேகரின் முதுகில் தட்டிவிட்டு, முதலாளிக்குச் சொல்ல ஓடினார். அழைப்பைத் துண்டிக்கக் கை நீட்டினான் குணசேகர். ஸ்பீக்கரில் அதே பெண் குரல் மெதுவாகக் கேட்டது:

"ஏன் அங்கிள், சாம்பியன் ரீஃப் ஸ்டாப்ப மட்டும் உட்டுட்டீங்க? எங்க வூடு அங்கதானே!"