சானமாவுக்கு ஸ்தலம் பார்க்கப் போன யோசனைப் பெட்டி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது உரக்கச் சொல்லுகிற கதையில்லை. அந்த ஆபீசில் இருந்தவர்கள் யார் காதிலாவது விழுந்தால், "அதுக்கு நான் பொறுப்பில்லை" என்று இன்றைக்கும் எழுந்து ஓடுவார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம். ஓசூரில் எல்லைப்புற மனு ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. அங்கே சீமையிலிருந்து ஒரு யோசனைப் பெட்டி வந்து இறங்கியது. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி உருவம். மனுவில் உள்ள சங்கதியை ஓர் அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி அதன் வாயில் கொடுக்க வேண்டும். வயிற்றுக்குள் கடகடவென்று யோசிக்கும். அட்டை வலது தட்டில் விழுந்தால் ஆகும். இடது தட்டில் விழுந்தால் ஆகாது.

அவ்வளவு அறிவுள்ள சாமானைக் கட்டுப்பாடில்லாமல் விடலாமா? ஊருக்கு ஏதாவது கேடு செய்துவிட்டால்? ஆகவே 'யோசனைப் பெட்டி பொறுப்புடன் நடந்துகொள்வதைக் கண்காணிக்கும் குழு' அமைந்தது. ஒன்பது பேர். அவர்கள் மூன்று மாதம் கூடிக் கூடிக் காப்பி குடித்துப் பெட்டியைப் பரிசோதித்தார்கள். அது தமிழ்நாட்டைப் பார்த்து உட்கார்ந்தால் மைசூர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள், மைசூரைப் பார்த்தால் நம்மவர்கள் வருத்தப்படுவார்கள் என்று சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு யாரோ வைத்த பொட்டை அழித்தார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அதனிடம் பேசிப் பார்த்தார்கள். எதுவும் அதற்குப் புரியவில்லை. ஆகையால் அதன் நடுநிலைமை சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது. பிறகு பதினோரு விதிகள் எழுதிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

அந்த ஆபீசுக்குத்தான் சானமாவுக் காட்டோரத்திலிருந்து பூவம்மாள் வந்தாள். புருஷன் இல்லாதவள். ஒன்றரை ஏக்கர் ராகி. கதிர் முற்ற இன்னும் பத்து நாள். அதற்குள் யானைக் கூட்டம் இரண்டு தடவை வந்து அரை ஏக்கரை மேய்ந்துவிட்டது. மீதி நின்றால்தான் வருஷம் பூராவும் அவள் வீட்டுப் பானையில் களி வேகும். யானை ஓட்டுகிற ஆட்களைப் பத்து நாளைக்கு வேட்டோடு அனுப்ப வேண்டும். அவள் மனு அவ்வளவுதான்.

அட்டையில் ஓட்டை குத்துகிற வேலை பியூன் ராயப்பனுக்கு.

"மாட்டுக்காரன் பேரு?" என்றான்.

"மாடு ஏதுப்பா? யானை."

"இந்த அச்சடிச்ச பாரம் அடுத்தவன் மாடு மேஞ்சதுக்குப் போட்டது. யானைக்குத் தனியா வரல. மேய்ஞ்ச பிராணிக்கு உடமைக்காரன் யாருன்னு கேக்குது."

"புள்ளையாருன்னு குத்து."

"வெளையாடாதேம்மா. இதுல சாமிக்கு ஓட்டை இல்ல." அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்தான். "கையத் தளர்த்தி வுடு. வெறைச்சா ரேகை வுழாது."

ரேகை விழுந்தது. அட்டையின் கடைசியில் 'முடிவுக்குப் பொறுப்பு' என்று ஒரு கட்டம். அதை ராயப்பன் தொடவில்லை. பெட்டி வந்த நாளிலிருந்து யாருமே தொட்டதில்லை.

பெட்டி யோசித்தது. அட்டை இடது தட்டில் விழுந்தது.

பூவம்மாள் நேராக ஆபீசர் ஜெபமணி முன்னால் போய் நின்றாள். அவர் தெற்கத்தி மனுஷர், மரியாதை தெரிந்தவர், கோபமே வராது.

"அம்மா, நான் முடிவு செய்யவில்லை. இயந்திரம் செய்தது."

"அது தப்பாச் செஞ்சா யாரைக் கேக்கறது சாமி?"

"தப்பு செய்யாமல் பார்க்கத்தான் குழு இருக்கிறது."

"அப்ப குழுவைக் கேக்கறேன்."

"குழு இயந்திரத்தைத்தான் கவனிக்கும். மனுவைக் கவனிக்காது."

"மனுவை யாரு கவனிப்பா?"

"இயந்திரம்."

செக்கு மாடு ஒரு சுற்று முடித்த மாதிரி இருந்தது. பூவம்மாள் அழவில்லை. வெளியே வந்து, சுவரில் மாட்டிய விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி ராயப்பனிடம் கேட்டாள். "எதுக்கு? இதுவரைக்கும் யாரும் படிக்கச் சொன்னதில்ல" என்றான். "எழுதினவங்களும் படிச்சிருக்க மாட்டாங்க, நீ படி" என்றாள். ஐந்தாம் விதி வந்ததும், "நில்லு, அதை மறுபடி படி" என்றாள்.

'நேரில் பாராத இடத்தைப் பற்றி முடிவு செய்தல் பொறுப்பற்ற செயலாகும்.'

பூவம்மாள் திரும்ப உள்ளே போனாள். "சாமி, பெட்டி என் ராகிக் கொல்லையப் பாத்துச்சா?"

ஜெபமணி வெளியே போய் விதியைத் தானே ஒருமுறை படித்தார். குழுவை அவசரமாகக் கூட்டினார். விதியை மாற்றலாம் என்றார் ஒருவர். மாற்றினால் இதுவரை பெட்டி பொறுப்பில்லாமல் நடந்ததாக ஆகிவிடாதா என்றார் இன்னொருவர். காப்பி மூன்று சுற்று வந்தது. கடைசியில், பெட்டி ஸ்தலம் பார்க்கப் போக வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

மறுநாள் சானமாவுப் பாதையில் ஒரு ஊர்வலம் வந்தது பாருங்கள்! முன்னால் லாரியில் பெட்டி. பின்னால் அதற்குக் கரண்டு கொடுக்க ஒரு டீசல் இன்ஜின். அப்புறம் ஒன்பது பேருக்குக் கூடாரம், சமையல்காரர், பன்னிரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு, காவலுக்கு நாலு போலீஸ். அதிகாரி வந்தால் மேளம் அடிப்பது ஊர் வழக்கம். இது அதிகாரிக்கே அதிகாரி என்று இரண்டு மேளமாக அடித்தார்கள். பூவம்மாளின் ராகிக்கு நடுவரப்பில் பெட்டியை இறக்கினார்கள். இன்ஜினை முடுக்கினார்கள். அது போட்ட சத்தத்தில் பக்கத்து ஊரில் எருமை கயிறு அறுத்துக்கொண்டு ஓடியது.

ஒரு நாளில் பார்த்து முடித்திருப்பார்கள். பூவம்மாள் விட்டால்தானே.

"பகல்ல பாத்துச்சு, சரி. யானை ராத்திரியில வர்ற பிராணி ஆச்சே?" என்றாள். இன்ஜின் ராத்திரியெல்லாம் ஓடியது.

"மேற்கு மூலையப் பாத்துச்சு. கெழக்கு மூலை என்ன பாவம் பண்ணுச்சு? நடுநிலைமைன்னீங்களே" என்றாள். பெட்டியைத் தூக்கிக் கிழக்கே வைத்தார்கள். பிறகு வடக்கே. பிறகு தெற்கே. ஒன்பதாம் நாள், இன்ஜின் சத்தத்துக்கும் மேளத்துக்கும் நடுவில், பூவம்மாள் அரிவாளை எடுத்து அறுப்பில் இறங்கினாள். பத்தாம் நாள் பொழுது சாய்வதற்குள் கடைசிக் கட்டும் களத்துக்குப் போய்விட்டது.

அன்றைக்கே பெட்டி முடிவு சொன்னது. பத்து நாளும் யானை வரவில்லை. ஆகவே இவ்வட்டாரத்தில் யானை இல்லை. அட்டை இடது தட்டு. அறிக்கைக்கு ஊரார் சாட்சி வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கொல்லைத் திம்மப்பன் முதல் ஆளாக விரலை நீட்டினான். போன மாசம் அவன் மாட்டுக்கொட்டகையையே யானை சாய்த்துவிட்டுப் போயிருந்தது.

"ஏண்டா திம்மப்பா, உன் கொட்டகை?" என்றாள் பூவம்மாள்.

"அக்கா, நான் ஒரு ராத்திரிதான் பாத்தேன். பெட்டி பத்து நாள் பாத்துச்சு" என்றான் அவன். ஊரே தலையாட்டி ரேகை வைத்தது. பூவம்மாளும் சிரித்துக்கொண்டே வைத்தாள். அவள் ராகிதான் களத்துக்குப் போயாச்சே.

ஊர்வலம் ஓசூர் திரும்பியது. ஆனால் யானைகள் வயிற்றை எங்கே கொண்டுபோகும்? சானமாவில் சத்தம் தாங்காமல் கிளம்பிய கூட்டம், ஓசூர் எல்லையில் ஜெபமணி தன் வீட்டை ஒட்டிப் பயிராக்கி வைத்திருந்த வாழைத்தோட்டத்தில் வந்து குடியேறியிருந்தது. வேலியைக் காணோம். கிணற்று மேட்டில் ஒரு குட்டி யானை விளையாடிக்கொண்டிருந்தது. ஆபீசரின் சம்சாரம் இரண்டு நாளாக வாசற்கதவைத் திறக்கவில்லை.

ஜெபமணி பதறிப்போய்த் தன் ஆபீசுக்கே ஒரு மனு போட்டார். யானை ஓட்டுகிற ஆட்களை அனுப்பு என்று. ராயப்பன் ஓட்டை குத்தினான். அட்டை இடது தட்டில் விழுந்தது. இவ்வட்டாரத்தில் யானை இல்லை என்று ஏற்கெனவே தீர்மானமாகி இருக்கிறதே!

"இயந்திரம் தப்பு செய்கிறது!" என்று ஆபீசர் கத்தினார். அவருக்குக் கோபம் வரும் என்பது அன்றைக்குத்தான் ஆபீசுக்குத் தெரிந்தது.

"அது இயந்திரத்தின் முடிவு, சார்" என்றது குழு.

பழைய அறிக்கையைத் திறக்க ஒரே வழி, முதல் மனுதாரர் வந்து யானை உண்டு என்று வாக்குமூலம் கொடுப்பது. பூவம்மாளுக்கு ஜீப் அனுப்பினார்கள். வேடிக்கை பார்க்கத் திம்மப்பனும் ஏறிக்கொண்டான். ஒன்பது பேரும் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி போட்டார்கள்.

"அம்மா, யானை உண்டு என்று சொல்லிவிடு. என் வீட்டில் உயிர் போகிறது."

"சொல்றேன் சாமி. நாளைக்கு யாரு சொன்னதுன்னு கேட்டா?"

"நீ சொன்னதாக இருக்கும்."

"நான் சொல்றது வாக்குமூலம். முடிவு யாருது?"

ஒன்பது பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். அது மூலையில் சும்மா உறுமிக்கொண்டிருந்தது.

பூவம்மாள் ராயப்பனிடம் ஆபீசரின் மனு அட்டையை வாங்கினாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் கடைசிக் கட்டம் எது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாளில் கறைபடாமல் வெள்ளையாக இருந்த கட்டம் அது ஒன்றுதான். "இதுல ஒரு மனுசன் ரேகை வுழுந்தா, நான் யானையச் சொல்றேன்" என்றாள்.

"நான் கையெழுத்துப் போடுகிற உத்தியோகஸ்தன்" என்றார் ஜெபமணி.

"கையெழுத்துன்னா அப்பறம் என்னுது இல்லைம்பீங்க."

வெளியே எங்கிருந்தோ ஒரு பிளிறல் கேட்டது. ஆபீசர் மெல்லக் கையை நீட்டினார். ஒன்பது பேரின் கட்டைவிரல்களும் ஒன்றாக வேட்டி மடிப்புக்கும் சட்டைப்பைக்கும் போயின. வாசலில் நின்ற திம்மப்பன்கூடக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பூவம்மாள் அவர் விரலை மையில் தோய்த்தாள். "கையத் தளர்த்தி வுடுங்க சாமி. வெறைச்சா ரேகை வுழாது" என்று கடைசிக் கட்டத்தில் அழுத்தி எடுத்தாள். அப்புறம் மைப்பெட்டியை மூடாமல் பக்கத்து நாற்காலிக் குழுக்காரர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.