பஞ்சோடு வந்த முகம்

பழைய பொருள் சேர்க்கிறவனிடம் ஒரு கெட்ட புத்தி உண்டு. தான் சேர்த்த பொருளின் அருமை தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைப்பான். எனக்கு அந்தப் புத்தி ஆளுயரத்துக்கு இருந்தது.

நான் சேர்த்தது, உலக யுத்த காலத்தில் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்கு வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை. அதில் இல்லாத சங்கதி கிடையாது. ஒரு பக்கம் குண்டு விழுந்த நகரம், மறுபக்கம் கம்பளிச் சட்டை பின்னும் முறை, அடுத்து சவர்க்கார விளம்பரம். நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது ஒரு கட்டு கிடைத்தது. அன்று பிடித்த பைத்தியம். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். (படம் பார்க்க அது போதும்.)

"படிக்கத் தெரியாத புஸ்தகத்துக்கு ரெண்டு அலுமாரி" என்பாள் என் மனைவி சரோஜா.

ஹட்டனில் என் ரேடியோக் கடைக்கு வருகிறவர்களிடமும் இதே பேச்சுத்தான். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த பெருமாள் அண்ணன் ஒரு நாள் சொன்னார்: "எங்க வீட்டுல ஒண்ணு இருக்குங்க தம்பி. அதுல எங்கம்மா இருக்காங்க."

நம்பாமல்தான் தோட்டத்தில் அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், அதே பத்திரிகையின் ஓர் இதழ் விரித்தபடி நின்றது. போர்வீரர்களுக்குத் தேயிலை போகிற கதை. முழுப்பக்கப் படத்தில் கூடையோடு ஓர் இளம்பெண். அப்போதிருந்த துரை இதழை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டாராம். அண்ணன் கைக்குழந்தையாக இருக்கையிலேயே அந்த அம்மா இறந்துபோனார். வேறு படம் கிடையாது.

தெவசத்துக்குத் தெவசம் வைத்த சந்தனமும் குங்குமமும் முகத்தில் அடையடையாய் ஏறியிருந்தன. விளக்குப் புகை வேறு. எனக்கு அதெல்லாம் வெறும் கறையாகத் தெரிந்தது.

"அண்ணே, ரெண்டு நாள் குடுங்க. மொகம் பளிச்சுனு தெரியிற மாதிரி சுத்தம் பண்ணித் தாறேன்."

அவர் மனைவி காளியம்மா அக்கா தயங்கினார். "வெள்ளிக்கெழம தெவசங்க. கொழும்புலருந்து மகன் குடும்பமும் வருது. இப்ப எதுக்குங்க?"

"விடு புள்ள. நானும் எங்கம்மா மொகத்த ஒழுங்கா பாத்ததில்ல. வெவரம் தெரிஞ்ச ஆளு, செய்யட்டும்."

(வெவரம் தெரிஞ்ச ஆளு. நான் பார்த்திருந்தது போனில் ஒரு வீடியோ. அதுவும் பாதி.)

வீட்டில் பஞ்சை வெந்நீரில் நனைத்து, பெரிய டாக்டர் போல உட்கார்ந்தேன். முதலில் ஒரு புருவம் வெளியே வந்தது. சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதோட நிப்பாட்டுங்க" என்றாள்.

நான் இன்னொரு இழுப்பு இழுத்தேன். சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, பின்னாலேயே மூக்கும் வாயும் அந்தப் புருவமும் வந்தன. முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம். பென்சிலால் வரைந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சரோஜா பென்சிலைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள்.

வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"கூடை நல்லா தெரியுது" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்களாச்சும் பாத்தீங்களா?"

"ஒரு புருவம் பாத்தேன் அண்ணே."

"எப்படி இருந்துச்சு?"

"உங்களுது மாதிரிதான் இருந்துச்சு."

அவர் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலில் காளியம்மா அக்கா மறித்தார்.

"தொடச்ச பஞ்சு எங்கங்க?"

"குப்பையில போட்டுட்டேன் அக்கா."

"போயி எடுத்துட்டு வாங்க. எங்க மாமியா மொகம் அதுலதான இருக்கு."

பஸ் ஏறி வந்து, குப்பை வாளியைக் கவிழ்த்து, வெங்காயத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவே சிவந்து கிடந்த பஞ்சைப் பொறுக்கினேன். அக்கா அதைக் காயவைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, படத்துக்கு முன்னால் வைத்தார். மறுநாள் டப்பாவுக்கும் பொட்டு, வெற்றுக் காகிதத்துக்கும் பொட்டு.

அந்த இதழின் இன்னொரு பிரதியை இன்றுவரை தேடுகிறேன். முன்னும் பின்னும் வந்த இதழ்களெல்லாம் கிடைத்துவிட்டன. அதைக் காணோம். அண்ணனுக்கோ கண் மங்கிக்கொண்டே வருகிறது.

ஆனாலும் ஒவ்வொரு தெவசத்துக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பஞ்சு மாமா. போன தடவை யாரோ தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மாமா, நீங்க ஒக்காருங்க" என்றது மொத்த வீடும்.