கேள்விக்குறியின் வாலும் என் தலை தீபாவளியும்

தன்னைத் தவிர உலகத்தில் வேறு யாருக்குமே ஞாபகசக்தி கிடையாது என்று மனதார நம்பிய மனிதர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த கம்பெனியில், ஐ.டி. ரூமில் அவர் இருந்தார்.

பெயர் ஏதோ உண்டு. எங்களுக்குக் கேள்விக்குறி. கம்பெனிக்குள் மட்டும் ஓடும் வெப் பக்கங்களை எழுதுவது அவர் வேலை. அவர் எழுதிய எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே அட்ரஸ் வரியில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அதற்குப் பின்னால் நம் பெயர், டோக்கன் நம்பர், டிபார்ட்மென்ட் எல்லாம் அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போகும்.

"இது எதுக்குண்ணே இவ்வளவு நீளம்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"சர்வருக்கு இன்னா ஞாபகம் கீது? மொதப் பக்கத்துல பேரச் சொல்லிட்டு ரெண்டாம் பக்கம் போனா, 'நீ யாரு?'ன்னு கேக்கும்பா. நாமதான் பக்கத்துக்குப் பக்கம் தூக்கினு போவணும்."

சர்வரோடு பழகிப் பழகி, மனுஷர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தினமும் இதே பாட்டுதான்: "மாஸ்டர், ஐ.டி. ரூம், மண்ணூர், சக்கர கம்மி, ஆடை வேணாம், கண்ணாடி கிளாஸ்."

"யோவ், வருஷக்கணக்கா இதத்தான்யா குடிக்கிற!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

"நீ மறந்துட்டா?"

இரண்டாவது கிளாஸ் கேட்டாலும் ஐ.டி. ரூம், அவர் குடியிருந்த மண்ணூர் என்று முதலிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

அந்த வருஷம் எனக்குத் தலை தீபாவளி. மனைவி கோவில்பட்டியில். நானும் மண்ணூரில்தான், கூட வேலை பார்த்த இசக்கியோடு ஒரே ரூமில். போகாவிட்டால் மாமனார் கோபித்துக்கொள்வார், அதைச் சமாளித்துவிடலாம். மனைவி கோபப்பட மாட்டாள், அழுவாள். அதுதான் பயம்.

அதே தீபாவளிக்குத்தான் கேள்விக்குறி, லீவு விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். கேன்டீன் மூலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். முதல் பக்கத்தில் பெயர், இரண்டாவதில் தேதியும் காரணமும், மூன்றாவதில் 'அனுப்பு' என்று ஒரு பட்டன் மட்டும். ஒவ்வொரு பக்கமும் ஆடி அசைந்துதான் வரும். முதல் ஆளாக நான் போய் அனுப்பிவிட்டேன். பின்னால் தெக்கத்திப் பையன்களின் வரிசை கேன்டீன் வாசல் வரை நின்றது.

இசக்கி குறுக்கு வழி கண்டுபிடிப்பதில் மன்னன். "எல்லாரும் எதுக்குல மூணு பக்கம் தட்டணும்? கடைசிப் பக்கத்த ஃபேவரிட்ஸ்ல போட்டு வச்சிட்டேன். அத தொறந்து பட்டன அமுக்குங்க, போதும்."

"நம்ம பேரு?" என்றான் வரிசையில் ஒருத்தன்.

"கேட்ல கார்டு தேய்ச்சுட்டுத்தானல உள்ள வாறோம்! நாம யாருன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதாக்கும்?"

எல்லாரும் அமுக்கினார்கள். நான் அனுப்பும்போது அவன் பின்னால் நின்று சேமித்து வைத்ததோ, என் பெயரும் என் காரணமும் வாலில் தொங்கிய பக்கம். மறுநாள் பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் நாற்பது சொச்சம் விண்ணப்பம். அத்தனையும் நான். அத்தனையிலும் தலை தீபாவளி.

"உனக்கு எத்தனை பொண்டாட்டிய்யா?"

"ஒண்ணுதான் சார்."

"அப்புறம் என்ன, விளையாடறியா? யாருக்கும் லீவு கிடையாது, போ!"

செய்தி ஐ.டி. ரூமுக்குப் போயிற்று. கேள்விக்குறி யாரையும் திட்டவில்லை. நேரே மெஷின் ஓடும் லைனுக்கு வந்து, ஒவ்வொருத்தனிடமும் பெயர், ஊர், காரணம் கேட்டுக்கொண்டு மேனேஜர் ரூமுக்குள் நுழைந்தார். நான் வாசலில் நின்றேன்.

"சார், ஐ.டி. ரூம், மண்ணூர். தப்பு நம்ம பக்கத்து மேல. மொத ஆளு, ஸ்டோர்ஸ், கோவில்பட்டி, தலை தீவாளி, பொண்டாட்டி ஒண்ணுதான். ரெண்டாவது ஆளு இசக்கி..."

பாதியில் மேனேஜருக்கு போன் வந்தது. பேசி முடித்ததும் கேள்விக்குறி தொண்டையைச் செருமினார். "சார், ஐ.டி. ரூம், மண்ணூர்..."

"இதச் சொல்லியாச்சேய்யா!"

"நடுவுல உட்டா மறந்துடுவீங்க சார். மொத ஆளு, ஸ்டோர்ஸ், கோவில்பட்டி, பொண்டாட்டி ஒண்ணுதான்..."

அடுத்து யாரோ கையெழுத்து வாங்க வந்தார்கள். மறுபடியும் மண்ணூர், மறுபடியும் என் ஒரே பொண்டாட்டி. மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "எல்லாரும் ஊருக்குப் போங்கய்யா! நீ மொதல்ல நிறுத்து!"

தீபாவளியன்று கோவில்பட்டியில் எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது நான் கேள்விக்குறியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் பக்கங்களுக்கு வாலே இல்லை. "இனிமே சர்வரே ஞாபகம் வெச்சிக்கும். சைக்கிள் ஸ்டாண்டு கணக்கா ஆளுக்கொரு சீட்டு குடுத்துடும்" என்றார். டீக்கடையில் மட்டும் பழையபடி வால் நீண்டது. "சர்வரு மாறிட்ச்சி. மாஸ்டர் மாறலியே!"

நான் வேறு கம்பெனிக்குப் போய் வருஷங்கள் ஓடின. ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் மனைவியோடு நிற்கும்போது எதிரே அவர். கொஞ்சம் தயங்கி, "வணக்கம்பா, ஐ.டி. ரூம், மண்ணூர்..." என்று ஆரம்பித்தார்.

நான் பக்கத்து டீக்கடைப் பக்கம் திரும்பினேன். "மாஸ்டர், இவருக்குச் சக்கர கம்மி, ஆடை வேணாம், கண்ணாடி கிளாஸ்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. "ஞாபகம் கீதா?"

"'பொண்டாட்டி ஒண்ணுதான்'னு சொன்ன அண்ணன் இவுகதானா?" என்றாள் என் மனைவி.

எனக்கு அந்த மனுஷரை அவ்வளவு பிடிக்கும். அவர் டீயை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்து, ஆறிய பிறகுதான் குடித்தார். பிறகு கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டி, "இன்னொண்ணு" என்றார். வேறு ஒன்றுமே சொல்லவில்லை.