வெயிலைக் குத்தகைக்கு எடுத்தவர்

மாடியில் சோலார் பேனல் வைத்தவர்களில் இரண்டு வகை உண்டு. வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் முதல் வகை. நல்ல மனிதர்கள், எழுத ஒன்றும் கிடைக்காது. இரண்டாம் வகையினரோ, பேனல் ஏறிய அன்றிலிருந்து சூரியனையே தங்கள் பெயரில் குத்தகைக்கு எடுத்துவிட்டதாக நம்புகிறவர்கள். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். வானத்தில் மேகத்தைக் கண்டால் நீங்களும் நானும் குடையைத் தேடுவோம். அவர், வேலைக்குத் தாமதமாக வந்த ஊழியரைப் பார்க்கும் மேலதிகாரியைப்போல் முகத்தைச் சுளிப்பார்.

நம்மவர் ஒரு மருந்துக்கடைக்காரர். தெரு அவருக்கு வைத்த பெயர் வெயில்காரர். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவரிடம் ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டு, இன்று மாடியில் எத்தனை யூனிட் விளைந்தது, நேற்றைவிட அது ஏன் கூடுதல், நாளை மேகம் போட்டால் என்ன ஆகும் என்று ஆரம்பிப்பார். முடிக்கும்போது வந்தவருக்கு இரண்டாவது அட்டை தேவைப்படும். வீட்டு அதிகாரம் முழுவதும் அவருடைய செல்போனில் ஏறி இறங்கும் ஒரு மஞ்சள் கோட்டின் கையில் இருந்தது. கோடு உச்சியில் நின்றால்தான் வாஷிங் மெஷின் ஓடும், இஸ்திரிப் பெட்டி சுடும். ஒருநாள் அவர் மனைவி பாதி துவைத்த துணிகளோடு மாடியேறி வந்து, "உங்க சூரியன் எப்ப வருவாருன்னு கேட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் இப்படியே நிக்கிறேன்" என்றார். நியாயமான கேள்வி என்று நினைத்து, இவர் செல்போனைப் பார்த்துப் பதிலும் சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு இருக்கிற பேனல்கள் போதுமா? போதவில்லை. மாடியின் கிழக்குப் பாதி ஏற்கெனவே நிறைந்திருந்தது. மேற்குப் பாதிதான் காலி. அதிலும் ஒரு சிக்கல். மேற்கே அடுத்த வீடு அவருடைய அக்கா வீடு. அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் வாசலில் ஒரு பெரிய மரம். மதியம் தாண்டினால் அதன் நிழல் சுவரேறி, தம்பி வீட்டு மாடியில் வந்து கையையும் காலையும் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

நிழலின் கெடுதல் அவருக்குத் தெரியாதா என்ன? கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர்தான். ஒரே வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்று நிழலில் மாட்டினால் மற்றவையும் அதன் வேகத்துக்கே நடக்கும், குறுகிய படிக்கட்டில் முன்னால் போகிறவர் நின்று செருப்பு வாரை மாட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்பதுபோல என்று கை விரித்து விளக்கியிருக்கிறார். ஆனால் மேற்குப் பாதியிலும் பேனல் மாட்ட வந்தவர்கள், புதியவற்றைத் தனி வரிசையாக வைத்துவிடலாமா என்று கேட்டபோது, வேண்டியதில்லை, அந்த மரம் எப்படியும் போய்விடும் என்றார். மரத்தையும் கேட்கவில்லை, மரத்துக்காரியையும் கேட்கவில்லை. அதே சூட்டில், பேனல்களைத் தினமும் கழுவுவதற்கென்று கிழக்குச் சுவரோரம் உயரமான இரும்புத் தாங்கி ஒன்றைப் போட்டு, அதன்மேல் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஏற்றினார்.

பேனல் கூடியது. கரண்ட் குறைந்தது.

நம்மவர் இரண்டு நாள் செல்போனைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பிறகு நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

"அக்கா, உன் மரம் என் கரண்ட்டைக் குடிக்குது. வெட்டிடு."

அக்கா நாளிதழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ பொறந்ததிலேர்ந்து என் உயிரைக் குடிக்கிற. உன்னை நான் வெட்டினேனா?"

அன்றோடு பேச்சு நின்றது. அக்காவின் ரத்த அழுத்த மாத்திரையைத் தம்பி தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம், அதுவும் நின்றது. மனம் கேட்காமல் மனைவியிடம் கொடுத்தனுப்பினார். மாத்திரை போன வேகத்தில் திரும்பி வந்தது. அக்கா அடுத்த தெருக் கடையில் வாங்கிக்கொண்டாராம். கூடப் பிறந்தவள், அதுவும் போட்டிக் கடையில்! அந்தச் சேதியைக் கேட்டபோது நம்மவருக்கு மஞ்சள் கோடுகூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. மரம் எப்போது ஒழியும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

ஒருநாள் காலை, பளிச்சென்ற வெயிலில், கோடு எழும்பாமல் சுருண்டு கிடந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷியில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, உன் மரம் செய்கிற அநியாயத்தை நீயே வந்து பார் என்று அக்காவை அழைத்தார். அக்கா வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னாலேயே மனைவியும்.

மாடியில் மூவரும் நின்றார்கள். சூரியன் கிழக்கே. மரத்தின் நிழல் சாதுவாக அக்கா வீட்டுக் கூரைமேலேயே கிடந்தது. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பேனல்களில் முதல் இரண்டின்மேல் மட்டும் குண்டாக, கறுப்பாக, தாங்கியின் கால்களோடு ஒரு நிழல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அக்கா தொட்டியை அண்ணாந்து பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"தம்பி, இது யார் வீட்டு மரம்?"

மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்து, சிரிப்பு முட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பல மாதத்து ஈரத்துணிக்குச் சேர்த்துச் சிரித்தார். நம்மவர் தொண்டையைச் செருமினார். "அது சும்மா, சோதனைக்கு வச்சது" என்றார்.

அந்த வாரமே தொட்டி மாடியின் வடக்கு மூலைக்கு இறங்கியது. மேற்குப் பேனல்கள் தனி வரிசையாகப் பிரிந்து, ஒன்றின் நிழல் மற்றதைத் தொடாதபடி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறு கருவியைப் பெற்றன. மரம் நின்றது. மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி அக்கா வாசலில் போய் நின்றபோது, அக்கா ஒரு நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டார். இப்போது மதியங்களில் நம்மவர் அந்த நிழலில் உட்கார்ந்துதான் கோட்டைப் பார்க்கிறார். கடையில் பேச்சும் குறையவில்லை. நிழலைப் பிரித்து வைக்கும் வித்தையைத் தானே கண்டுபிடித்ததுபோல் விளக்குகிறார். அக்கா வீட்டு மாடி சும்மாதானே கிடக்கிறது என்றும் நேற்று மெதுவாக ஆரம்பித்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நம் வீட்டு மாடியில் பேனலே இல்லை, நாம் தப்பித்தோம் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். புதுக் கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது, காலையில் எத்தனை அடி நடந்தீர்கள், தண்ணீரைச் சுத்தம் செய்கிற அந்த மெஷின் எத்தனை கட்டமாக வடிகட்டுகிறது என்று நீங்கள் யாரிடமும் சொன்னதில்லையா? போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தவர் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாரே, அவருக்கு நிஜமாகவே வேறு வேலை இருந்ததா?