பென் டிரைவில் ஒரு வெற்றி

“மாப்ளே, டிவியைப் போடு. ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும்.”

மாமனாருக்கு மறுநாள் காலை இதய அறுவைச் சிகிச்சை. அதுவரை எந்தப் பதற்றமும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஆசியக் கோப்பை கால்பந்தின் குரூப் சுற்றில் இன்று நம் அணிக்குக் கடைசி ஆட்டம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாமனாரோ, பந்து கம்பத்தில் பட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ரகம்.

மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். போன ஆசியக் கோப்பையில் இதே எதிரணியை நாம் வென்ற ஆட்டத்தைப் பென் டிரைவில் ஏற்றி வந்திருந்தான். அதை ஆஸ்பத்திரி அறை டிவியின் பின்னால் செருகினான். இந்த மனிதர் இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மாமனார் கம்பளிக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தலையணையில் சாய்ந்தார்.

“நம்ம கேப்டன் ரிட்டயர் ஆயிட்டானே மாப்ளே?”

“ஆளில்லைன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்காங்க மாமா.”

“கோச் போன வருஷம் செத்துட்டாரே?”

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. “இது... அவர் தம்பி. அச்சு அசல் அண்ணன் மாதிரியே இல்ல?”

“நல்ல குடும்பம்” என்றார் மாமனார்.

திடீரென்று பக்கத்து வார்டில் ‘ஐயோ’ என்று ஒரே குரலாக அலறல்.

“என்னப்பா அது?”

“யாரோ... தவறிட்டாங்க போல மாமா.”

சொன்ன பிறகுதான், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரிடம் சொல்லக்கூடிய சேதியா இது என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். சற்று நேரத்தில் மறுபடியும் ‘ஐயோ’.

“இன்னொருத்தருமா?”

“ஆமா மாமா.”

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் நம் அணி வெற்றி கோலைப் போட்டபோது அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. மாப்பிள்ளைக்கும் அழுகை வந்துவிட்டது.

“ஜெயிச்சுட்டோம் மாமா!”

“ஆமாப்பா.” அவன் கையை அழுத்திப் பிடித்தார். “எது வந்தாலும் நீ தைரியமா இருக்கணும். சாப்பிட்டியா?”

நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். சரியாகவே இருந்தது. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

நர்ஸ் மாமனாரிடம் கையை நீட்டினாள். “ஐயா, குல்லாய்க்குள்ள இருக்கற இயர்போனையும் தலையணைக்கடியில இருக்கற என் போனையும் குடுங்க. தோத்ததை மாப்பிள்ளை தாங்க மாட்டாரு, பக்குவமாச் சொல்லணும்னீங்களே, இப்பச் சொல்லிடலாமா?”